கேர்ப்ஸ்: லூடோக் கட்டை மூன்றும் ஒரு விதிநூலும்

கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ நான்கைந்து பேர் சேர்ந்து பாத்திரமேற்று விளையாட்டு ஒன்றைத் தொடங்கப் போகிறார்கள், முதலில் எதை எடுப்பது என்று கேட்டால் எங்கள் பதில் கேர்ப்ஸ் (GURPS). முதற் காரணம் மிகச் சாதாரணமானது. இந்த வகையில் பிரபலமான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுவதற்கு நான்கு முகம், எட்டு முகம், பத்து முகம், பன்னிரண்டு முகம், இருபது முகம் என்று வகைவகையாகக் கட்டை வேண்டும். அவை நம் பக்கத்து விளையாட்டுச் சாமான் கடைகளில் கிடைப்பதில்லை, வெளியில் இருந்துதான் எடுப்பிக்க வேண்டும். கேர்ப்ஸுக்கு லூடோப் பெட்டிக்குள் கிடக்கிற ஆறுமுகக் கட்டை மூன்று போதும். விதிகளின் சுருக்கப் பதிப்பான கேர்ப்ஸ் லைட் 32 பக்கம். வெளியீட்டாளரே இணையத்தில் இலவசமாகத் தருகிறார்.

இரண்டாவது காரணம் பெரியது. ஒரு விதியைப் படித்தால் வாள்யுகம், துப்பறிதல், விண்வெளி, பேய்க்கதை என்று எந்த உலகத்தையும் அதே விதியில் ஆடலாம். ஆங்கிலத்தில் தடித்த புத்தகம் ஒன்றைப் படித்து மற்றவர்களுக்கு விளங்கப்படுத்த ஒரு குழுவில் ஒருவர்தான் முன்வருவார். அவருடைய உழைப்பு ஒருமுறையோடு முடிய வேண்டும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. கேர்ப்ஸில் இருக்கிற எல்லா விதிகளையும் முதல் நாளே போட்டு ஆடினால் இரண்டாம் வாரம் ஆட ஆள் இருக்காது. எதை விடுவது என்று தெரிந்தவருக்கே இது நல்ல விளையாட்டு. கீழே வருவதில் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

இந்த வகை விளையாட்டுக்குப் புதியவர்களுக்காக ஒரு வரி: ஒருவர் ஆட்டத்தை நடத்துவார், உலகமும் அதில் வரும் மற்ற மனிதர்களும் விலங்குகளும் அவர் பொறுப்பு, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள், நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வரும் இடத்தில் கட்டை உருளும்.

செய்தவர்கள்

வடிவமைத்தவர் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஸ்டீவ் ஜக்சன். இணையத்தில் தேடும்போது கவனம் தேவை: இதே பெயரில் இங்கிலாந்தில் இன்னொரு வடிவமைப்பாளர் இருக்கிறார், கேம்ஸ் வேர்க்ஷொப் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அவர் வேறு ஆள்.

டெக்சாஸ் ஜக்சன் மெற்றாகேமிங் என்ற நிறுவனத்துக்கு 1977இல் மெலீ என்ற சிறிய சண்டை விளையாட்டையும் 1978இல் விசார்ட் என்ற மந்திர விளையாட்டையும் எழுதினார். இரண்டும் 1980இல் த ஃபன்டசி ட்ரிப் என்ற முழு விளையாட்டாக விரிந்தன. அந்த ஆண்டே அவர் அங்கிருந்து விலகி, ஸ்டீவ் ஜக்சன் கேம்ஸ் என்ற சொந்த நிறுவனத்தை ஒஸ்ரின் நகரில் தொடங்கினார். மெற்றாகேமிங் 1983இல் மூடப்பட்டபோது தன் பழைய விளையாட்டின் உரிமையை வாங்கப் பார்த்தார். உரிமையாளர் கேட்ட விலை 2,50,000 டொலர். அது நடக்கவில்லை. அதனால் எல்லாவற்றையும் புதிதாக எழுதினார். சண்டை விதிகள் மட்டும் மான் டு மான் என்ற பெயரில் 1985இல் வந்தன, முழு கேர்ப்ஸ் 1986இல் வந்தது. (பழைய விளையாட்டின் உரிமை 2017இல்தான் அவர் கைக்குத் திரும்பியது.)

கட்டம் போட்ட பலகையில் இருவர் வாளோடு மோதுகிற விளையாட்டில் இருந்துதான் கேர்ப்ஸ் பிறந்தது. அதனால்தான் இன்றைக்கும் சண்டை விதிகள் எலும்பு நரம்பு வரைக்கும் நுணுக்கமாகவும், பேச்சு, பேரம், அரசியல் விதிகள் மெலிந்தும் இருக்கின்றன.

பல உலகங்களுக்கு ஒரே விதி என்ற எண்ணம் ஜக்சனுடையது மட்டும் அல்ல. கேயோசியம் நிறுவனம் 1982இல் வேர்ல்ட்ஸ் ஒஃப் வண்டர் என்ற பெட்டியை வெளியிட்டது. ஸ்டீவ் பெரின் முதலானவர்கள் எழுதியது. பதினாறு பக்க அடிப்படை விதி ஒன்று, அதன்மேல் மந்திர உலகம், அதிசக்தி நாயகர் உலகம், எதிர்கால உலகம் என்று மூன்று கைநூல்கள். வண்டர் என்ற நகரத்தின் வாசல்கள் வழியே ஒரு உலகத்தில் இருந்து இன்னொன்றுக்குப் போகலாம். அழகான எண்ணம். ஆனால் ஒவ்வொரு கைநூலும் தன் பங்குக்குப் புதிய விதிகளைச் சேர்த்ததால், ஒரு உலகத்தில் செய்த பாத்திரத்தை இன்னொரு உலகத்தில் அப்படியே நிறுத்திப் பார்க்க முடியவில்லை. ஜோர்ஜ் மக்டொனால்டும் ஸ்டீவ் பீற்றர்சனும் எழுதிய சம்பியன்ஸ் 1981இல் வேறொரு வழியைக் காட்டியிருந்தது: பாத்திரத்தைக் கட்டை உருட்டிப் பெறாமல் புள்ளி கொடுத்து வாங்குவது, குறைகளை ஏற்றுக்கொண்டால் மேலதிகப் புள்ளி கிடைப்பது. கேர்ப்ஸ் இந்தப் புள்ளிக் கணக்கை எல்லா உலகத்துக்கும் பொதுவான நாணயம் ஆக்கியது. 100 புள்ளித் தேன் வேட்டைக்காரரும் 100 புள்ளி விண்வெளி மாலுமியும் ஒரே அளவுகோலில் நிற்பார்கள். ஜக்சன் செய்த பெரிய வேலை அதுதான்.

நிறுவனத்தின் பெயரை உலகம் அறிந்தது ஒரு கெட்ட சம்பவத்தால். 1990 மார்ச் 1ஆம் திகதி அமெரிக்க இரகசியச் சேவை அந்த அலுவலகத்தைச் சோதனை போட்டுக் கணினிகளையும் கேர்ப்ஸ் சைபர்பங்க் நூலின் பிரதியையும் அள்ளிக்கொண்டு போனது. லொயிட் பிளாங்கன்ஷிப் எழுதிய அந்த நூலைப் பழைய வரைவுகளில் இருந்து திரும்ப எழுதி அந்த ஆண்டே வெளியிட்டார்கள். சோதனைக்கு எதிராகப் போட்ட வழக்கில் 1993இல் நிறுவனம் வென்றது. இழப்பீடு 50,000 டொலர், சட்டச் செலவு 2,50,000 டொலர்.

இன்று கையில் எடுக்க வேண்டியது 2004இல் வந்த நான்காம் பதிப்பு. ஷோன் பஞ்சும் டேவிட் புல்வரும் திருத்தி எழுதியது. பாத்திரங்கள் என்ற முதல் நூல் 336 பக்கம், ஆட்டம் நடத்துவதற்கான இரண்டாம் நூல் 240 பக்கம். மூன்றாம் பதிப்பின் பழைய பிரதி யாரிடமாவது கிடைத்தால் வாசிக்கலாம், ஆனால் நான்காம் பதிப்போடு கலந்து ஆட வேண்டாம். பண்புகளின் புள்ளி விலை வேறு, கணக்கு உதைக்கும்.

விதியின் நடு

மூன்று கட்டையை உருட்டிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை உங்கள் திறனின் எண்ணுக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் வெற்றி. இவ்வளவுதான். திறன் 10 என்றால் வெற்றி வாய்ப்பு 50 வீதம், 12 என்றால் 74, 14 என்றால் 91, 16 என்றால் 98. கீழ்ப்பக்கம் 8 என்றால் 26, 6 என்றால் 9. நடுவில் ஒரு படி ஏறுவது பெரிய ஏற்றம். 14க்கு மேல் ஒவ்வொரு படியும் கொஞ்சம்தான் தரும். மூன்று கட்டையின் இந்த வளைவைத் தாளில் எழுதி மேசையில் ஒட்டிவிடுங்கள். புதியவர்கள் புள்ளியை வீணாக்குவதற்குக் காரணம் இது தெரியாமைதான்: ஒரே திறனை 18க்கு ஏற்றிவிட்டு மற்ற எதுவும் தெரியாமல் நிற்பார்கள்.

3, 4 விழுந்தால் எப்போதும் விசேட வெற்றி. திறன் 15 என்றால் 5உம், 16 என்றால் 6உம் அதில் சேரும். 18 எப்போதும் படுதோல்வி. திறன் 15 அல்லது அதற்குக் குறைவு என்றால் 17உம் அப்படியே. தேவையான எண்ணைவிடப் பத்து கூட விழுந்தாலும் படுதோல்வி.

வேறு விளையாட்டில் இருந்து வருபவர்கள் தவறும் இடம் ஒன்று. இருட்டு, தூரம், அவசரம் இவற்றுக்கான கூட்டலும் கழித்தலும் திறனில் செய்வது, கட்டையில் அல்ல. கட்டையில் கழித்தால் தண்டனை சலுகையாக மாறிவிடும். "திறன் 13, இருட்டுக்கு 3 கழி, இலக்கு 10" என்று உருட்டுவதற்கு முன்பே வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் இருந்தால் இந்தக் குழப்பம் வராது.

மலிவுக் கட்டைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். லூடோப் பெட்டிக் கட்டைகளில் சிலவற்றின் உள்ளே காற்றுக் குமிழி இருக்கும், ஒரு பக்கம் பாரமாக இருக்கும். ஒரு கோப்பைத் தண்ணீரில் கட்டை மிதக்கும் வரை உப்பைக் கரைத்துக்கொண்டே போங்கள். பிறகு விரலால் சுண்டிச் சுழற்றுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே முகம் மேலே வந்தால் அந்தக் கட்டையை லூடோவுக்கே விட்டுவிடுங்கள்.

ஒரு பாத்திரம், 100 புள்ளி

நான்கு அடிப்படைப் பண்புகள்: உடல்வலு, சுறுசுறுப்பு, அறிவு, உடல்நலம். எல்லாம் 10இல் தொடங்கும். உடல்வலுவிலும் உடல்நலத்திலும் ஒரு படிக்கு 10 புள்ளி, சுறுசுறுப்பிலும் அறிவிலும் ஒரு படிக்கு 20 புள்ளி. ஒட்டுசுட்டான் காட்டுக்குத் தேன் எடுக்கப் போகும் ஒருவரைச் செய்து பார்ப்போம்.

உடல்வலு 11 (10 புள்ளி), சுறுசுறுப்பு 12 (40), அறிவு 11 (20), உடல்நலம் 11 (10). மொத்தம் 80. கூர்மையான காது இரண்டு படி (4), இருட்டுப் பார்வை மூன்று படி (3), திசை தவறாத உணர்வு (5) சேர 92. குறைகள்: கூட வந்தவர்களைக் கைவிடாத கடமை (−5), எதையும் தோண்டிப் பார்க்கும் ஆவல் (−5), எப்போதாவது வரும் முன்கோபம் (−5). இப்போது 77. மீதி 23 புள்ளி திறன்களுக்கு: தடம் பார்த்தல் 12 (4), காட்டில் பிழைத்தல் 12 (4), கோடாலி 13 (4), இயற்கை அறிவு 11 (4), மரமேறல் 12 (2), பதுங்கி நடத்தல் 12 (2), கத்தி 12 (1), முதலுதவி 11 (1), கவனித்தல் 10 (1).

திறனின் விலைப்படி 1, 2, 4, 8 என்று ஏறி, அதன் பிறகு படிக்கு 4. முதற் புள்ளியே அதிகம் தரும். அதனால் பல திறன்களில் ஒவ்வொரு புள்ளி போடுவது கஞ்சத்தனம் அல்ல, புத்தி.

இனி வேகம். உடல்நலத்தையும் சுறுசுறுப்பையும் கூட்டி நான்கால் வகுத்தால் 5.75. நகர்வு அதன் முழுஎண், 5. அடி படாமல் விலகும் எண், வேகத்தோடு மூன்றைக் கூட்டிப் பின்னத்தை வெட்டினால் 8. முக்கால் அநியாயமாகப் போகிறது. வேகத்தை மட்டும் 0.25 ஏற்ற 5 புள்ளிதான். ஏற்றினால் நகர்வு 6, விலகல் 9. முன்கோபத்தை இன்னும் ஒரு மட்டம் கூட்டினாலே அந்த 5 கிடைத்துவிடும். பாத்திரம் எழுதி முடித்ததும் இந்தக் கால், அரை, முக்கால் பின்னங்களைப் பார்க்காமல் தாளை மூடாதீர்கள்.

சுமை விதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். காட்டுக்கதைகளில் விடக்கூடாது. உடல்வலுவைத் தன்னால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் அடிப்படைச் சுமை: 11 பெருக்கல் 11, வகுத்தல் 5, ஏறக்குறைய 24 இறாத்தல். நூல் முழுக்க இறாத்தலும் யாருமாக இருக்கும்; 2 இறாத்தல் 1 கிலோ, 1 யார் 1 மீற்றர் என்று எடுத்துக்கொள்ள நூலே அனுமதிக்கிறது. ஆக 12 கிலோ வரை சுமை இல்லை, 24 வரை சிறு சுமை, 36 வரை நடுச் சுமை. இருபது லீற்றர் கான் நிறையத் தேன் என்றால் ஏறக்குறைய 28 கிலோ. நடுச் சுமையில் நகர்வு 5 என்பது 3 ஆகிறது, விலகல் 8 என்பது 6 ஆகிறது. வெற்றி வாய்ப்பு 26 வீதத்தில் இருந்து 9க்கு விழுகிறது. கரடி வரும்போது கானைப் போடுவதா தூக்கிக்கொண்டு ஓடுவதா என்ற கேள்வி மேசையில் உண்மையான கேள்வியாக மாறுவது இந்த ஒரு கணக்கால்தான்.

அந்தியில் ஒரு காட்டுப்பன்றி

சண்டையில் ஒரு முறை என்பது ஒரு செக்கன். இது கேர்ப்ஸின் தனி முத்திரை. பொழுதுபட்டு, வெளிச்சத்துக்கு 3 தண்டனை என்று வைப்போம். கோடாலி 13 உள்ள சாதாரண ஆளுக்கு இலக்கு 10, வாய்ப்பு 50 வீதம். நம் தேன் வேட்டைக்காரர் மூன்று புள்ளிக்கு வாங்கிய இருட்டுப் பார்வை அந்த மூன்றையும் அழித்துவிடும். இலக்கு 13 ஆகவே நிற்கும், வாய்ப்பு 84 வீதம். நூறு புள்ளியில் மூன்று புள்ளி செய்த வேலை அது.

அடி பட்டது. கைக்கோடாலியின் வெட்டு, உடல்வலு 11க்கு ஒரு கட்டையும் கூட ஒன்றும். கட்டையில் 4 விழுந்தால் 5. பன்றிக்கு 15 உயிர்ப்புள்ளி, தோலுக்குத் தடுப்பு 2 என்று நாங்கள் வைத்துக்கொள்கிறோம். முதலில் தடுப்பைக் கழி: 3. பிறகு வெட்டுக் காயத்துக்கு ஒன்றரையால் பெருக்கு: 4.5, பின்னத்தை வெட்டினால் 4. முதலில் பெருக்கிவிட்டுக் கழித்தால் 5 வரும், அது பிழை. குத்துக் காயம் என்றால் இரண்டால் பெருக்க வேண்டும், அதனால்தான் காட்டில் ஈட்டிக்கு மதிப்பு. 4 புள்ளி இழந்த பன்றிக்கு அடுத்த முறை மட்டும் எல்லாத் திறனிலும் 4 தண்டனை. அடுத்த முறை மட்டும் என்பதைக் கவனியுங்கள். இதை நிரந்தரமாக்கி முதல் வெட்டிலேயே சண்டையை முடித்துவிடும் குழுக்கள் உண்டு. விலகுவதிலும் தடுப்பதிலும் இந்தத் தண்டனை சேராது.

பன்றி திரும்பிப் பாய்ந்தால் ஆள் விலக வேண்டும். விலகல் 8க்கு 26 வீதம்தான். ஒரு அடி பின்வாங்கினால் 3 கூடும், 11க்கு 62 வீதம். பின்வாங்க இடம் வேண்டும். பின்னால் பாலைமரம் நின்றால் அந்த 3 இல்லை. ஆட்டத்தை நடத்துபவர் ஒரு வரைபடம் வைத்திருக்க வேண்டியது இதற்காகத்தான். நூல் அறுகோணக் கட்டம் கேட்கிறது. சதுரம் போட்ட கணிதக் கொப்பியில் இரண்டு சதுர அகலமும் இரண்டு சதுர உயரமுமாகக் கட்டங்களைக் கீறி, ஒன்றுவிட்ட வரிசைகளை ஒரு சதுரம் தள்ளிக் கீறுங்கள். செங்கல் சுவர் மாதிரி வரும், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆறு அயல் கட்டம் கிடைக்கும். வேறு எதுவும் வாங்கத் தேவையில்லை.

உயிர்ப்புள்ளி பூச்சியத்துக்கு வந்தால் ஆள் உடனே சாவதில்லை. ஒவ்வொரு செக்கனும் உடல்நலத்தை உருட்டி நினைவோடு நிற்க வேண்டும். முழு உயிர்ப்புள்ளி அளவுக்குப் பூச்சியத்துக்குக் கீழே போனால் (11 என்றால் −11) சாவைத் தவிர்க்க உருட்ட வேண்டும். ஐந்து மடங்கு கீழே போனால் உருட்டல் இல்லை, முடிவு.

சண்டை இழுபடுகிறது என்ற முறைப்பாடு

கேர்ப்ஸைக் கைவிட்டவர்கள் சொல்லும் முதற் குறை இது. காரணம் தெளிவானது. அடித்தவர் வென்றாலும் அடிவாங்குபவர் விலகவோ தட்டவோ உருட்டலாம். திறன் 16 உள்ளவர் 98 வீதம் அடிப்பார். எதிரியின் தடுப்பு எண் 11 என்றால் அதில் 62 வீதம் தடுபடும். விசேட வெற்றிகளை விட்டுக் கணக்குப் பார்த்தால் உண்மையில் படுவது 37 வீதம். இருவரும் திறமையானவர்கள் என்றால் "அடித்தேன், தட்டினான்" என்றே அரைமணி போகும்.

மருந்து இரண்டாம் நூலில் இருக்கிறது. ஏமாற்று அடி என்ற விதி: உங்கள் திறனில் 2 குறைத்தால் எதிரியின் தடுப்பில் 1 குறையும். 16ஐ 14 ஆக்கி, எதிரியின் 11ஐ 10 ஆக்கினால் படுவது 45 வீதம். இன்னும் 2 குறைத்து 12உம் 9உம் ஆக்கினால் 46. முதற் படியில்தான் லாபம், இரண்டாம் படி பெரிதாக ஒன்றும் தராது. இந்த ஒரு விதியை மட்டும் லைட்டோடு சேர்த்துக்கொண்டால் சண்டையின் நீளம் நன்றாகக் குறையும்.

எந்த உலகம்

எங்கள் பரிந்துரை 1803ஆம் ஆண்டு வன்னி. பண்டாரவன்னியன் அந்த ஆண்டு ஓகஸ்ட் 25இல் முல்லைத்தீவில் இருந்த ஆங்கிலேயக் காவற்படையைத் துரத்தினான். ஒக்ரோபர் 31இல் கற்சிலைமடுவில் ஆங்கிலேயப் படை அதிகாரி ட்றிபேர்க்கின் படையிடம் தோற்றான். தொடக்கமும் முடிவும் தெரிந்த இரண்டு மாதம். இடையில் யார் செய்தி கொண்டுபோனார்கள், யார் உணவு கொடுத்தார்கள், முத்தையன்கட்டுப் பக்கத்துக் காட்டில் யார் வழிகாட்டினார்கள் என்பதெல்லாம் ஆடுபவர்கள் நிரப்ப வேண்டிய இடம்.

விதியும் இந்தக் காலத்துக்கு நன்றாகப் பொருந்துகிறது. அக்காலத் துவக்கை நல்ல பயிற்சி பெற்ற படையாள் நிமிடத்துக்கு ஏறக்குறைய மூன்று தடவை வெடிக்க வைப்பான். அதாவது ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் இடையே ஏறக்குறைய இருபது செக்கன், இருபது முறை. நகர்வு 5 உள்ள ஆள் இருபது மீற்றரை நான்கு செக்கனில் கடப்பான். முதல் வெடியை மரத்தில் வாங்க வைத்துவிட்டால் மீதிப் பதினாறு செக்கனும் ஈட்டிக்கு. வெட்டவெளியில் நூறு மீற்றர் என்றால் கதை தலைகீழ். காடு யாருக்குத் துணை, வெளி யாருக்குத் துணை என்பதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை, ஒரு செக்கன் விதியே காட்டிவிடும். இந்த இடத்தில் கேர்ப்ஸை மிஞ்ச வேறு விளையாட்டு இல்லை என்பது எங்கள் உறுதியான கருத்து.

தொழில்நுட்ப மட்டம் 5 என்று நூல் இந்தக் காலத்தை வகுக்கிறது. மந்திரம் வேண்டாம், மனோசக்தி வேண்டாம். திறன் பட்டியலில் இருபத்தைந்து அளவில் தெரிந்தெடுத்து, தமிழில் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். முழுப் பட்டியலையும் கொடுத்தால் முதல் மாலை பாத்திரம் எழுதுவதிலேயே கரைந்துவிடும்.

அண்மைக் காலப் போரைக் களமாக எடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம் என்றே சொல்வோம். கேர்ப்ஸின் காய விதிகள் மிக உண்மையானவை. எந்தக் கால் முடமாகும், இரத்தம் எத்தனை நிமிடத்தில் வடியும் என்று உருட்ட வைக்கும். மேசையைச் சுற்றி இருப்பவர்களின் வீடுகளில் அது விளையாட்டுக் கணக்கு அல்ல. எந்தக் களமாக இருந்தாலும் முதல் நாளே எல்லோரிடமும் எது வரக்கூடாது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். யாராவது கையைத் தூக்கினால் காரணம் கேட்காமல் அந்தக் காட்சியை வெட்டிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். குழந்தைகள் காணாமற் போகும் கதை, இடம்பெயரும் கதை இவற்றையும் நடத்துபவர் தன்பாட்டில் நுழைக்கக்கூடாது.

அதிசக்தி நாயகர் கதை ஆட விரும்பினால் கேர்ப்ஸை எடுக்காதீர்கள். எல்லா உலகத்துக்கும் பொருந்தும் என்ற வாக்கு உடைகிற இடம் அதுதான். புள்ளி 500ஐத் தாண்டும்போது எல்லோர் திறனும் 16க்கு மேலே போய்விடும், கட்டைக்கு வேலை இருக்காது. சாதாரண மனிதனுக்காகச் செய்த காய விதி லொறியைத் தூக்குபவனிடம் வந்ததும் தடுமாறும். அதற்குச் சம்பியன்ஸ் இன்றைக்கும் நல்லது, அதுவும் ஆறுமுகக் கட்டையில்தான் ஓடுகிறது, ஆனால் கட்டை நிறைய வேண்டும். விண்வெளிக் கதைக்குக் கேர்ப்ஸ் நன்று. பேய்க்கதைக்கு மிக நன்று, பாத்திரங்கள் எளிதில் சாகக்கூடியவர்கள் என்பதால்.

சுறுசுறுப்பும் அறிவும் தரும் பயனுக்கு 20 புள்ளி மலிவு என்பதும் உண்மையான குறை. எல்லோரும் அவற்றையே ஏற்றப் பார்ப்பார்கள், கடைசியில் எல்லாப் பாத்திரமும் ஒரே ஆள் மாதிரி இருக்கும். ஒரு பண்பையும் 13க்கு மேல் ஏற்றக்கூடாது என்று நடத்துபவர் கட்டுப்பாடு வைத்தால் சரி. குறைகள் மூலம் எடுக்கும் புள்ளிக்கு மொத்தத்தில் பாதி என்பது நூலின் எல்லை, 100க்கு 50. எங்கள் பார்வையில் அதுவும் கூட. 30இல் நிறுத்துங்கள். ஐந்து பேரும் ஆளுக்கு எட்டுக் குறையோடு வந்தால் எது எப்போது உருட்டப்பட வேண்டும் என்று யாருக்கும் நினைவிருக்காது, இலவசப் புள்ளியாகப் போய்விடும்.

எடுப்பதும் அச்சடிப்பதும்

லைட்டை நிறுவனத்தின் வெயர்ஹவுஸ் 23 என்ற இணையக் கடையில் பி.டி.எஃப். ஆக எடுக்கலாம். பக்க அளவு அமெரிக்க லெட்டர், நம் ஏ4 அல்ல. கொமினிகேஷனில் அச்சடிக்கக் கொடுக்கும்போது தாளுக்குப் பொருத்தச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அட்டவணைகளின் ஓரம் வெட்டுப்படும். இரண்டு பக்கமும் அடித்தால் 16 தாள். ஒரு குழுவுக்கு இரண்டு பிரதி போதும், ஆனால் அடியும் காயமும் பற்றிய பக்கங்களை ஆளுக்கொன்று போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுங்கள்.

அடிப்படைத் தொகுதியின் இரு நூல்களையும் அதே கடையில் பி.டி.எஃப். ஆக வாங்கலாம். வெளிநாட்டு நாணயத்தில் செலுத்த அட்டைக்கு அனுமதி இருக்கிறதா என்று முதலே வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். அச்சு நூலை அனுப்பிவைக்க உறவினர் யாராவது வெளிநாட்டில் முன்வந்தால் முதல் நூலை மட்டும் கேளுங்கள், அட்டவணைகளைப் புரட்டுவது அதில்தான். இரண்டாம் நூல் நடத்துபவருக்கு மட்டும், தொலைபேசியில் இருந்தாலும் காரியம் நடக்கும். அதில் 11ஆம் அத்தியாயத்தை முதலில் படியுங்கள், அறுகோணக் கட்டச் சண்டை சொல்லும் 12ஐ மூன்று நான்கு அமர்வுக்குப் பிறகு தொடுங்கள். வாகனம், வெடிமருந்து, பெருந்தூரச் சூடு பற்றிய பகுதிகளை உங்கள் உலகத்துக்குத் தேவை வரும் வரை திறக்கவே வேண்டாம்.